மழைக்கு முன்னால் வரும் சத்தம்

நவம்பர் 6, வியாழன்

காலையிலிருந்து மழை. கிள்ளானில் இந்த வாரம் எந்த வீட்டுத் துணியும் காய்ந்திருக்காது. நாளைக்குப் பயணம். பையில் பாதி ஈரம், பாதி இஸ்திரிப் பெட்டியின் சூடு.

எடுத்து வைத்தவை: அட்டை கடிக்காமல் இருக்க நீளக் காலுறை, அதே அட்டைக்குக் கொஞ்சம் உப்பு, மழைக்கோட்டு, டார்ச், சே.யின் பிரஷர் மாத்திரை, கிரீம் பிஸ்கட், மெஷின், மெஷினுக்கு பேட்டரி, மெஷின் டப்பா.

சே. என்றால் சேவியர். கல்யாணமான புதிதில் கணவர் பெயரை முழுதாக எழுதக் கூச்சம். வெள்ளி விழா வந்த பிறகும் கை அப்படியே பழகிவிட்டது.

மெஷின் என்றால் காது மெஷின். ஏழெட்டு வருடமாகக் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. முதலில் கெட்டிலின் விசில் போனது. பிறகு மாதா கோயில் பாடகர் குழுவில் பக்கத்தில் நிற்பவரின் குரல். பிறகு சே. பேசுவது. மற்றவர்கள் முடித்த பிறகும் நான் மட்டும் பாடிக்கொண்டிருந்த ஒரு ஞாயிறோடு குழுவிலிருந்து நின்றுகொண்டேன். போன வாரம்தான் இரண்டு காதுக்கும் மெஷின் வந்தது. கிளினிக் பெண் சொன்னாள்: "ஆன்டி, புதுசா என்ன சத்தம் கேட்டாலும் எழுதி வைங்க. மூளைக்குப் பழகட்டும். மழையில மட்டும் நனைச்சிராதீங்க."

இன்று கேட்டவை: ஃபிரிட்ஜ் முனகுவது. தக்காளியில் கத்தி இறங்குவது. பக்கத்து வீட்டில் யாரோ தும்மியது. என் செருப்பு (இத்தனை நாளும் இப்படித்தான் தேய்த்துத் தேய்த்து நடந்தேனா). நானே மெல்லுவது.

கேட்காதது: சே.

இதுதான் விளங்கவில்லை. காது கேட்காத நாட்களில், நான் அடுப்படியில் திரும்பி நின்று பாத்திரம் கழுவும்போது அவர் மேசையில் உட்கார்ந்து ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். ஜன்னல் கண்ணாடியில் உதடு அசைவது தெரியும். "என்ன?" என்று திரும்பினால் "ஒண்ணுமில்ல" என்று கையை ஆட்டுவார். மெஷின் வந்ததும் அந்த ஒன்றுமில்லை என்னவென்று கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். வந்த நாளிலிருந்து உதடே அசைவதில்லை. "சாப்பிட்டியா." "கதவு சாத்திட்டேன்." அவ்வளவுதான். காது திறந்தது, வீடு மூடிக்கொண்டது.

பயணம் ஜெனி ஏற்பாடு. எங்கள் மகள். சுபாங் ஜெயாவில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். வெள்ளி விழாவுக்குப் பரிசாம்: ஹுலு லங்காட் காட்டுக்குள் ஒரு தங்கும் இடம், வழிகாட்டியோடு நடை. சே.க்கு மனமே இல்லை.

"காட்டுல போயி என்ன பண்றது? மழை வேற."

"அப்பா, புக் பண்ணியாச்சு. போயிட்டு வாங்கலா."

ஜெனி சொன்னால் மறுக்க மாட்டார். லீவு எழுதிக் கொடுத்துவிட்டார். இந்த வருடம் அவர் நிறைய லீவு எடுக்கிறார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் லோரி ஓட்டுபவர். முன்பெல்லாம் காய்ச்சலோடுகூட வண்டி எடுப்பார்.

நவம்பர் 7, வெள்ளி

மழையும் இல்லை, வெயிலும் இல்லை. கிள்ளானிலிருந்து கொமியூட்டர் ரயில். மெஷினுக்கு எது முக்கியம் என்று தெரியாது. ரயில் பிரேக், ஒரு பெண்ணின் கைப்பை ஜிப், எங்கோ ஒரு குழந்தை, எல்லாம் ஒரே அளவில் உள்ளே வருகின்றன. பெரிய வீட்டில் எல்லாக் கதவையும் யாரோ திறந்து போட்டுவிட்டுப் போன மாதிரி.

பிரிக்பீல்ட்ஸில் பசியாறினோம். எனக்குத் தோசை, சே.க்கு ரொட்டி சானாய். கடையில் ஒரு சில்வர் குவளை கீழே விழுந்தது; என் தலைக்குள் விழுந்தது. சத்தத்தைக் குறைத்துக்கொண்டேன். சே. தட்டைப் பார்த்தே சாப்பிட்டார்.

"நல்லா இருக்கா?"

"ம்."

ஸ்டேஷன் வாசலில் வேன். வழிகாட்டி காக் நோர், மலாய்க்காரப் பெண், என் வயது இருக்கும். சிரித்தால் கண் காணாமல் போய்விடும். எங்களோடு பூச்சோங்கிலிருந்து அக்கா தங்கை இரண்டு பேர். அக்கா வசந்தா, ஓய்வு பெற்ற டீச்சர். தங்கை லலிதா, சொந்தமாக சலூன் வைத்திருக்கிறார். சிராஸ் தாண்டுவதற்குள் பின் சீட்டிலிருந்து தணிந்த குரல்:

"அந்த அக்கா காதுல மெஷின் பாத்தியா?"

"ம். அந்த அண்ணன் பாவம். வாயே தொறக்கல."

"தொறந்தா கத்தணும்ல. யாரு கத்தறது."

ரகசியம்கூடக் கேட்கிறதே என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. கோபம் அப்புறம் வந்தது. அதுவும் கொஞ்சம்தான்.

கடைசித் தூரம் தொங்கு பாலத்தில் நடந்து போக வேண்டும். பாலம் ஆட ஆட சே. என் பையை வாங்கிக்கொண்டார். ஆற்றோரமாகப் பலகை வீடுகள், கொசுவலை போட்ட கட்டில், வராந்தா. போனுக்கு லைன் கிடையாது. கால் வைத்த உடனே எனக்குத் தூக்கம் வருகிற மாதிரி இருந்தது. தூக்கம் இல்லை, வேறு ஏதோ. எல்லாம் பச்சைத் தண்ணீருக்கு அடியில் இருப்பது போல.

விளக்கு ஏற்றும் நேரம். திடீரென்று காதுக்குள் ரம்பம் ஓடியது. மெஷின் கெட்டுவிட்டது என்று பயந்து கழற்றினேன். அமைதி. போட்டேன். ரம்பம். மறுபடி கழற்றினேன், போட்டேன். காக் நோர் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மரத்தைக் காட்டி, "ரியாங்-ரியாங்," என்றார். பூச்சி. அந்தி வெளிச்சம் வருகிற நேரத்துக்குத்தான் கத்துமாம், பிறகு நின்றுவிடுமாம். சொன்ன மாதிரியே நின்றது. நின்ற பிறகு ஆறு கேட்டது. ஆற்றுக்குப் பின்னால் தவளை. தவளைக்குப் பின்னால் பெயர் தெரியாத ஒன்று, யாரோ தண்ணீர்க் குடத்தை விரலால் தட்டுவது போல. அதற்கும் பின்னால் இன்னொன்று. திரையை விலக்கினால் திரை, அதை விலக்கினால் இன்னொரு திரை. உட்கார்ந்து விலக்கிக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் மலைப்பக்கம் யாரோ பெரிய காகிதத்தைக் கசக்குகிற சத்தம். மெதுவாக எங்கள் பக்கம் வந்தது.

"என்னங்க சத்தம்?"

சே. என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மழைலா."

ஒரு துளிகூட விழவில்லை. கையை நீட்டிப் பார்த்தேன். மழை எங்கோ தூரத்தில் இலைமேல் நடந்து வந்துகொண்டிருந்தது. இத்தனை வருடமாக எனக்கு மழை என்பது நனைந்த பிறகு தெரிவது. அது வருவதற்கு முன்னாலேயே ஆள் அனுப்பும் என்பது மறந்தே போயிருந்தது.

வந்ததும் மெஷினைக் கழற்றி டப்பாவில் வைத்தேன். உலகம் பஞ்சு. கொசுவலைக்குள் இருந்து எழுதுகிறேன். சே. வராந்தாவில், முதுகு மட்டும் தெரிகிறது. தோள் அசைகிறது. பேசுகிறாரா, இருமுகிறாரா?

நவம்பர் 8, சனி

விடியலில் மூடுபனி. கீழே ஆறு இருப்பது சத்தத்தை வைத்துத்தான் தெரிந்தது. சே. தூங்கும்போதே எழுந்து, மெஷினைப் போட்டு, முடியை அவிழ்த்து விட்டு, குளிருக்குச் சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தேன். டப்பா மேசைமேல் மூடியபடியே, மெஷின் உள்ளே இருக்கிற மாதிரி. வேண்டுமென்று செய்ததில்லை. (எனக்காகவே எழுதி வைக்கிறேன்: வேண்டுமென்று செய்ததில்லை.)

தூரத்தில் சியாமாங் குரங்குகள். ஒன்று பானைக்குள் வாய் வைத்து ஊதுவது போல, இன்னொன்று அதைக் கேலி செய்வது போல. கேட்டுக்கொண்டே கண் சொருகியது.

பின்னால் பலகை கிறீச்சிட்டது. சே. வந்து எனக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். திரும்பலாம் என்று நினைத்தேன். அதற்குள் பேசத் தொடங்கிவிட்டார்.

"நல்லா தூங்கின போல. கொறட்டை விட்ட. சின்னதா, பூன மாதிரி."

சிரிப்பு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கும் நல்ல தூக்கம் செலின். ரொம்ப நாளாச்சு இப்படித் தூங்கி."

நாற்காலியை முன்னால் இழுக்கும் சத்தம்.

"உன்கிட்ட பேசியும் ரொம்ப நாளாச்சு. அந்த மெஷின் வந்ததுலேருந்து எனக்குப் பேச ஆளில்லாமப் போச்சு."

திரும்பவில்லை.

"முன்னெல்லாம் நீ பாத்திரம் கழுவுவ, நான் பாட்டுக்குச் சொல்லுவேன். சொன்னா கொஞ்சம் லேசாயிரும். உன் காதுல விழுந்தா உனக்கும் பாரம். விழாதுன்னுதான் சொன்னேன். இப்ப எல்லாம் விழும்."

எழுந்து என் முன்னால் வந்தார். கோப்பை பிடிக்கிற மாதிரி விரலை வைத்துக் காட்டினார்: கோப்பி வேணுமா? எத்தனையோ வருடமாக நாங்கள் பேசிக்கொள்கிற பாஷை. தலையாட்டினேன். முன்பு போலவே, காது கேட்காதவளைப் போலவே.

*

நடைக்குக் கிளம்பும்போது சே.யிடம் சொன்னேன்: "மழை வரும். மெஷின் ரூம்லேயே இருக்கட்டும்." இது மட்டும் வேண்டுமென்று சொன்னது. சால்வையைத் தலையிலிருந்து எடுக்கவில்லை.

முன்னால் காக் நோர், அடுத்துப் பூச்சோங் அக்காக்கள், அப்புறம் நான், எனக்குப் பின்னால் சே. ஒற்றையடிப் பாதை. வெளிச்சம் மேலேயே நின்றுவிட்டது; கீழே வருவது எல்லாம் பாசி நிறம். வழி முழுக்கப் பின்னாலிருந்து அந்தக் குரல். அவர் சொன்னவற்றில் ஞாபகம் இருப்பவை:

நான் நடப்பது வாத்து மாதிரி இருக்கிறது, ஆனால் தாய் வாத்து.

ஜெனிக்கு யாரையோ பிடித்திருக்கிறது என்று தோன்றுகிறது. கேட்கப் பயம். "நீ கேளேன், நீ கேட்டா சொல்லுவா."

என் மீன் குழம்பில் இப்போதெல்லாம் புளி தூக்கல்.

பாடகர் குழுவை நான் விட்டது அவருக்குப் பிடிக்கவில்லை. "வரி தப்பினா என்ன. கண்ண மூடிக்கிட்டாகூட நீ எங்க நிக்கறன்னு எனக்குத் தெரியும். இப்ப கோயிலுக்குப் போனா எந்தப் பக்கம் பாக்கறதுன்னே தெரியல."

இதைக் கேட்டதும் நான் ஒரு வேரில் தடுக்கி விழப் பார்த்தேன். பிடித்துக்கொண்டார். "பாத்துலா," என்று சைகையிலும் காட்டினார்.

கல்யாணத்துக்கு முன்னால் இவர் இப்படிப் பேசியதில்லை. பின்னாலும் பேசியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். யாரோ புதிதாக ஒருவர் என் பின்னால் நடந்து வருகிறார், எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. திரும்பிப் பார்த்தால் போய்விடுவார். இந்த வயதில் இப்படி ஒரு நடை. காடு முடியவே வேண்டாம் என்று இருந்தது.

தலைக்கு மேல் விசிறி வீசுகிற மாதிரி ஹூஷ், ஹூஷ். மற்றவர்களுக்கு முன்னாலேயே நான் நிமிர்ந்து பார்த்துவிட்டேன். இருவாச்சி ஜோடி. இறக்கைக்கு இவ்வளவு சத்தமா. காக் நோர் பறவையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பக்கத்தில் வந்து மலாயில் மெதுவாகக் கேட்டார், கேட்கிறதுதானே என்று. உதட்டில் விரலை வைத்தேன். அவர் சே.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கண் காணாமல் போகும் அளவுக்குச் சிரித்துவிட்டு நகர்ந்தார்.

அப்புறம் ஒரு பெரிய மரம். சுவர் மாதிரி பலகை வேர்கள். காக் நோர் அதில் ஒரு கட்டையால் தட்டிக் காட்டினார். வழி தவறியவர்கள் இப்படித்தான் தட்டி ஆள் கூப்பிடுவார்களாம். அந்தச் சத்தம் காதில் வரவில்லை, நெஞ்சில் வந்தது.

லலிதா தன் அக்காவிடம், எனக்குக் கேட்காது என்ற தைரியத்தில்: "அந்த அண்ணன் இன்னிக்கு வாயே மூடல பாத்தியா. என்னா ஆச."

வசந்தா: "கேக்காத பொம்பளகிட்ட பேசறது சுலபம்லா."

டீச்சர் டீச்சர்தான். அதற்கப்புறம் நடை அவ்வளவு இனிக்கவில்லை.

*

மற்றவர்கள் அருவிக்கு மேலே ஏறினார்கள். எனக்கு மூட்டு வலி என்று நாங்கள் கீழே நின்றுகொண்டோம். பாறைமேல் உட்கார்ந்து தண்ணீரில் கால். சின்ன மீன்கள் வந்து விரலைக் கொத்தின. சே. என் பக்கத்தில், என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்து:

"இத உன்கிட்ட ஏற்கெனவே சொல்லியிருக்கேன் செலின். அடுப்படியில, ரெண்டு தடவ. இன்னொரு தடவ சொல்றேன்."

நான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நோன்பு மாசம். நல்ல மழை. போர்ட் ரோட்டுல எனக்கு முன்னாடி ஒரு ஆளு மோட்டர் சைக்கிள்ல வழுக்கி விழுந்துட்டான். பிரேக்க மிதிச்சேன். பின்னால கண்டெய்னர், ஒடனே நிக்குமா? போயிக்கிட்டே இருக்கு. அவன் படுத்துக்கிட்டே என்னையே பாக்கறான். அப்புறம் நின்னுச்சு. எங்க நின்னுச்சுன்னு தெரியல. மேல உக்காந்திருந்தா கீழ தெரியாது. எறங்கிப் பாக்கணும். என்னால எறங்க முடியல. கொஞ்ச நேரத்துல அவனே எந்திரிச்சான். எனக்குக் கைய காட்டிட்டு மோட்டர தள்ளிக்கிட்டுப் போயிட்டான். அடிகூட இல்ல."

ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் வைத்தார். எறியவில்லை, வைத்தார்.

"ஒண்ணும் ஆகல. ஆனா அன்னையிலேருந்து ஸ்டேரிங்க புடிச்சா கை நடுங்குது. காலையில வேலைக்குக் கெளம்பி நம்ம வாசல்ல காடிய ஸ்டார்ட் பண்ணிட்டு அப்படியே உக்காந்திருக்கேன். மழை வந்தா ஓரமா நிப்பாட்டிட்டு நிக்கறேன். யாருகிட்ட சொல்றது, இத்தன வருஷம் ஓட்டிட்டு இப்ப பயமா இருக்குன்னு."

அந்த இரண்டு தடவையும் நான் எதைக் கழுவிக்கொண்டிருந்தேன்? எந்தச் சட்டியை?

பேசாமல் இருந்திருக்கலாம். இருந்திருந்தால் நாளைக்கும் பேசியிருப்பார், வீட்டுக்குப் போயும் பேசியிருப்பார். எனக்கு முடியவில்லை.

"அப்ப வேணாங்க," என்றேன். "அந்த வண்டி வேணாம்."

மெதுவாகத் திரும்பினார்.

"எப்பலேருந்து?"

"காலையிலேருந்து."

சால்வையை எடுத்துக் காட்டினேன். காதைப் பார்த்தார். கோபமில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது யாரோ கதவைத் திறந்துவிட்ட முகம். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மேலே ஏறிப் போய்விட்டார்.

மாலை வேன் டிரைவரோடு உட்கார்ந்துகொண்டார். ரியாங்-ரியாங் தொடங்கியது, நின்றது. மழை தூரத்திலிருந்து வந்தது. வருகிறது, வருகிறது என்று சொல்லப் பக்கத்தில் ஆள் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

பூசை போச்சு. ஆறு கலங்கி, தேத்தண்ணி நிறத்தில். காலை நடை மட்டும், பிறகு திரும்புவது.

சே. முன்னால் டிரைவரோடு நடந்தார். காக் நோர் என்னோடு பின்தங்கினார். சே.க்குக் கோபமா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் வீட்டுக்காரருக்கு இரண்டு காதும் நன்றாக இருக்கிறதாம், ஆனால் எதுவும் உள்ளே போகாதாம். அவரே சொல்லி அவரே சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. சே. ஒரு தடவை திரும்பிப் பார்த்தார்.

பாலத்துக்குப் பக்கத்தில் சே.யின் கழுத்தில் அட்டை. அவருக்குத் தெரியவில்லை. "அசையாதீங்க" என்று சொல்லி உப்பை வைத்தேன். சுருண்டு விழுந்தது. ரத்தம் நிற்கும்வரை விரலால் அழுத்திக்கொண்டு நின்றேன். கண்ணை மூடிக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. கையைத் தள்ளியும் விடவில்லை.

வேனில் பூச்சோங் அக்காக்கள் தூங்கிவிட்டார்கள். வசந்தா டீச்சர் குறட்டை விட்டார், பூனை இல்லை, லோரி. சிராஸ் நெரிசல். ஹோர்ன், ஹோர்ன், ஹோர்ன். காடு காதிலிருந்து வழிந்து போய்க்கொண்டே இருந்தது. பிடித்து வைக்க முடியவில்லை.

இறங்கும்போது லலிதா என் கையைப் பிடித்துக்கொண்டு, உதடு தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னார்: "அக்கா, நீங்க, குடுத்து வச்சவங்க." நல்லா கேட்குது லலிதா என்றேன். அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். முதல் நாள் வேன் பேச்செல்லாம் அந்த முகத்தில் திரும்பி ஓடியது.

கொமியூட்டரில் சே. ஒரே ஒரு வார்த்தை. "பாரமா?" என்று கேட்டு இரண்டு பையையும் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நவம்பர் 10, திங்கள்

இன்னும் வெளிச்சம் வரவில்லை. தூறல். சே. சட்டை பொத்தான் போடுவது கேட்டது. கதவு. கேட். எங்கள் காரின் எஞ்சின்.

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. போகவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்தது, அதையும் கேட்டேன், அணைத்தேன். இன்னும் போகவில்லை. வாசல் கதவுப் பக்கம் வந்து நின்றேன். திறக்கவில்லை. திறந்தால் மறுபடியும் குளியலறைக் கதவைத் திறந்த மாதிரி ஆகிவிடும். மரக்கதவில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எஞ்சின் கையில் அதிர்ந்தது.

பிறகு கியர் விழுந்தது. போய்விட்டார்.

இத்தனை மாதமாகத் தினமும் இந்தச் சத்தம் இந்த வாசலில் இருந்திருக்கிறது. நான் உள்ளே தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12, புதன்

வெயில். கடைசியில் துணி காய்ந்தது.

நான் வேலை பார்க்கும் ஷிப்பிங் ஆபீசில் ஒரே போன். கப்பல் தாமதம், எல்லாரும் என்னிடம் கத்துகிறார்கள். காது கேட்காத நாளில் கத்தினால் பிடிக்கும். இப்போது பிடிக்கவில்லை.

ஜெனி அழைத்தாள்.

"காடு எப்படிம்மா? அப்பாவுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிச்சிருந்துச்சு. நிறைய பேசினாரு."

"அப்பாவா? நிறையவா? சும்மா சொல்லாதீங்கலா."

யாரையாவது பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அந்தப் பக்கம் நீளமாக அமைதி. முன்பென்றால் லைன் போய்விட்டது என்று வைத்திருப்பேன். இப்போது அவள் மூச்சு கேட்டது. "ஞாயித்துக்கிழமை வரேன்மா, சொல்றேன்," என்றாள்.

மீன் குழம்பு, புளி குறைத்து. சே. ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தடவை ஊற்றிக்கொண்டார். ஜெனி சொன்னதைச் சொன்னேன். "ம்," என்றார். ஆனால் இந்த 'ம்' கொஞ்சம் நீளம்.

நவம்பர் 14, வெள்ளி

பகலெல்லாம் புழுக்கம். சே. வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார். சாப்பிடும்போது ஏதோ சொல்ல வாயெடுத்தார், தண்ணீர் குடித்தார். மறுபடியும் வாயெடுத்தார், மறுபடியும் தண்ணீர். பார்க்க முடியவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் மெஷினைக் கழற்றி, அவர் பார்க்க, மேசைமேல் வைத்தேன்.

"நான் பாத்திரம் கழுவப் போறேன். நீங்க பேசுங்க. எனக்குக் கேக்காது. நிஜமாவே கேக்காது."

திரும்பிக்கொண்டேன். குழாயைத் திறந்தேன். தண்ணீர் சத்தம் இல்லாமல் கையில் மட்டும் குளிர்ந்தது. ஜன்னல் கண்ணாடியைப் பார்க்கக்கூடாது என்று தலையைக் குனிந்தே வைத்திருந்தேன். ஒரு தட்டு. ஒரு கரண்டி. சட்டி. பேசுகிறாரோ, பேசவில்லையோ, பேசட்டும். எனக்குத் தெரியாமலே போனாலும் பரவாயில்லை, அவருக்கு லேசானால் சரி என்று நினைத்துக்கொண்டேன். முழுக்க நிஜமில்லை. பாதி நிஜம்.

ஒரு கை வந்து குழாயை மூடியது.

சே.யின் உள்ளங்கையில் இரண்டு மெஷினும். கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தார். உதடு மட்டும் தெரிந்தது: போட்டுக்க.

கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அவசரத்தில் இடம் மாறிவிட்டது, ஒன்று கீச்சென்றது. மாற்றிப் போட்டேன். அதுவரை காத்திருந்தார்.

"கேக்குதா?"

"ம்."

"சுப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். ரோட்டுக்கு வேணாம், போர்ட் யார்டுக்குள்ளேயே ஓட்டறேன்னு. திங்கக்கிழமையிலேருந்து. சரின்னுட்டாரு. ஏன்னுகூட கேக்கல."

நாற்காலியை இழுத்துப் போட்டார். எனக்கும் ஒன்று, எதிரே.

"மொதல்லேருந்து சொல்றேன். நடுவுல நீ ஏதாவது கேக்கணும் செலின். சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பழைய மாதிரி ஆயிரும்."

சொன்னார். நோன்பு மாதம், மழை, போர்ட் ரோடு, பிரேக். அவன் படுத்துக்கொண்டே தன்னைப் பார்த்தான் என்கிற இடத்தில் நின்றுவிட்டார். மேசைமேல் இருந்த கை நடுங்கியது. மறைக்கவில்லை.

அந்த ஆளுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேட்டேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நம்ம ஜெனி வயசு," என்றார்.